நாலரை அடியில்

கருங்கல் கல்லறைத் தோட்டத்தில்
அருளப்பனின் கடப்பாரை
ணங் என்றது.
நாலரை அடி.
குழிக்குள்ளிருந்து நிமிர்ந்தான்:
"பாறையாக்கும். இனி எறங்காது."

பெட்டி வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.
சுற்றி நின்றவர்களில் பதினோரு பேர்
பைலிங் ஆட்கள்.
யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை,
குழியைப் பார்த்தோம்.
பழக்கம்.

மேலே ஒரு அடி கறுத்த மண், ரப்பர் வேர்.
அடுத்து செம்மண், சரளையோடு.
மூன்றரையில் வெள்ளையும் மஞ்சளுமாய்
விரலில் சோப்புபோல் வழுக்கும் சேடிமண்.
பிறகு இந்த ணங்.

பென்சிகர் சார்,
உங்கள் குழிக்கு நான் போர்லாக் எழுதிக்கொண்டிருக்கிறேன்.
மன்னியுங்கள்.

குரு என்று இரங்கல் கூட்டத்தில் சொல்வார்கள்,
சால்வை போர்த்திய படத்துக்கு முன்னால்.
நான் சொல்ல மாட்டேன்.
நீங்கள் என் பில்லை வெட்டிய ஆள்.

தேங்காப்பட்டணம் பொழிமுகம். ஏழாம் பைல்.
பதினெட்டு மீட்டரில் சிசல் எகிறியது.
பாறை என்று எழுதி கையெழுத்துக்கு நீட்டினேன்.
பேனாவைச் சட்டைப்பையில் செருகிவிட்டு
வின்ச் கயிற்றில் உள்ளங்கையை வைத்து
"இன்னொரு அடி போடும்" என்றீர்கள்.
இன்னொன்று.
இன்னொன்று.
ஆனி மாதக் கடல் ரிக்கின் கால்வரை வந்து போனது.
நீங்கள் எண்ணியது அடியை அல்ல,
அடிக்குப் பிறகு கயிற்றில் மிஞ்சும் நடுக்கத்தை.

"பாறையின்னா கயிறு அப்பளே செத்துரும்.
இது முனங்குது, கேட்டீரா?
உருண்டைக்கல்லு.
ஆத்துக்குச் சொந்தம், பூமிக்கு இல்ல."

உடைக்க நாலு நாள்.
டீசல், கூலி, தக்கலையில் அடகுக்குப் போன
என் மனைவியின் இரண்டு வளையல்.
கல்லுக்கு அடியில் ஒன்றரை மீட்டர் வெறும் மணல்.
அதற்கும் கீழேதான் பாறை.
அந்த நாலு நாளை நீங்கள் பில்லில் ஏற்றவில்லை.
"கான்ட்ராக்டில் இல்லை."
அன்றிரவு நான் உங்களைச் சொல்லாத கெட்டவார்த்தை
இந்த மாவட்டத்தில் கிடையாது.

இதையும் சொல்ல வேண்டும்.
குழித்துறைக் கல்யாண மண்டபம்.
பத்தொன்பதாம் பைலில் கான்கிரீட் ஊற்றும்போது
ட்ரெமிக் குழாய் மேலேறி வந்ததை
யாரும் உங்களிடம் சொல்லவில்லை. நானும்தான்.
மகளுக்குக் காய்ச்சல் என்று
அன்று ஒருநாள் நீங்கள் தளத்தில் இல்லை.
சோதனையில் பைலின் கழுத்து மெலிந்திருந்தது.
எங்களைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை.
முதலாளிக்கு ஒரே வரி எழுதினீர்கள்:
"பத்தொன்பது என் தவறு. பக்கத்தில் இரண்டு புதிதாகப் போட்டுத் தருகிறேன்."
காசு எங்கிருந்து வந்தது என்பது
ஸ்கூட்டர் போய் நீங்கள் பஸ்ஸில் வந்தபோதுதான் தெரிந்தது.
திங்கள்சந்தை பஸ், கம்பியைப் பிடித்தபடி,
ஏழு வருடம்.

இப்போதெல்லாம் குழாயின் நீளத்தை
நானே சுண்ணாம்பில் குறிக்கிறேன்.
குறிக்கச் சொல்லி நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை.

பங்குச்சாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
"ஊருபேரே கருங்கல்லு. பாறை இல்லாம பஞ்சா இருக்கும்?"
பின்னாலிருந்து யாரோ.
அருளப்பன் பீடிக்குத் தீப்பெட்டி தேடினான்.

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன்.
கடப்பாரையைச் செங்குத்தாய் ஒருமுறை விட்டு
கம்பியில் உள்ளங்கை வைத்தேன்.
மேலே பத்துப் பேரும் பேச்சை நிறுத்தினார்கள்.

முனங்கியது.

"உருண்டை" என்றேன்.
சுற்றிலும் தோண்டி, வடம் கட்டி,
வெள்ளைச் சட்டையோடு ஆறு பேர் இழுத்தோம்.
ஆட்டுக்கல் அளவு.
அடியில் மறுபடியும் சேடி, ஈரமாய்.
ஆறடி போனது.

மண் தள்ளி முடிந்ததும்
அந்த ஒன்றரை அடிக்கு
முந்நூறு ரூபாய் கூடக் கேட்டான் அருளப்பன்.
கான்ட்ராக்டில் இல்லை என்று
நாக்கு நுனிவரை வந்தது.

கொடுத்தேன்.